மீதிப் பல்

வெளிமாநிலத்தில் குடியமர்ந்த தமிழர் வீடுகளில் நோய்கள் இரு வகைப்படும். உடனே கவனிக்க வேண்டியவை ஒரு வகை. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள வேண்டியவை மற்றொரு வகை. காய்ச்சலும் நெஞ்சுவலியும் முதல் வகையைச் சேர்ந்தவை. பல்லும் முழங்காலும் இரண்டாம் வகை. ஊரிலே தெரிந்த மருத்துவர் ஒருவர் இருப்பார். அவரிடம் வலியை நம் சொல்லாலேயே சொல்லலாம் என்பது இதற்குக் காரணம். 'கூசுகிறது' என்பதற்கும் 'குடைகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிறமொழியில் எப்படி உணர்த்துவது? 1983-இல் நாங்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது இந்தக் கவலை எங்களுக்கும் இருந்தது. பின்னர்தான் தெரிந்தது, வங்காளியரும் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள் என்பது. பல் கூசினால் 'ஷிர்ஷிர்' என்பார்கள். குடைந்து வலித்தால் 'கன்கன்'. அன்றே பல்லை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாற்றிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. 'எங்கள்' என்றால் கணவருடையதா, மனைவியுடையதா என்று அன்பர்கள் கேட்கலாம். நாற்பது ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்களுக்குப் பல்வலி பொதுச்சொத்து. ஒருவருக்கு வலித்தால் மற்றவருக்கும் அன்று முறுக்குக் கிடையாது. ஒருவர் விழித்திருந்தால் மற்றவரும் விழித்திருக்கத்தான் வேண்டும். ஆகவே அதைப் பொதுவாகவே வைத்துக்கொள்கிறோம்.

உடைந்தது சீடையினால் அன்று; கரும்பினாலும் அன்று. காலையில் இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உடைந்தது. வாயில் ஏதோ கல் என்று எடுத்துப் பார்த்தால், அது பல். வலி இல்லை, இரத்தம் இல்லை. நாக்கு மட்டும் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தது. கண்ணுக்குக் கடுகளவாகத் தெரியும் பள்ளம் நாக்குக்குக் கிணறாகத் தெரியும் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

அந்தப் பல்லில் முப்பது ஆண்டுகளாக ஓர் அடைப்பு இருந்தது. இந்நகரில் ஹூபே மாநிலத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியம் செய்துவந்த சீனக் குடும்பங்கள் உண்டு. அவற்றைச் சேர்ந்த முதியவர் ஒருவர் 1990-களின் தொடக்கத்தில் வைத்த 'வெள்ளி அடைப்பு' அது. வெள்ளி என்பது பெயருக்குத்தான். அதில் ஏறத்தாழப் பாதி பாதரசம். வெள்ளியும் தகரமும் செம்பும் கலந்த பொடியைப் பாதரசத்தில் குழைத்துக் குழியில் திணித்தால் சற்று நேரத்தில் இறுகிவிடும். மலிவானது, உழைப்பது. எங்களுக்கு முப்பது ஆண்டு உழைத்ததை எப்படிக் குறை சொல்ல முடியும்? எனினும் அதற்கு ஓர் இயல்பு உண்டு. அது பல்லோடு ஒட்டாது. கழன்று விழாமல் இருக்க வேண்டுமானால் குழியைக் குடம்போலக் கடைய வேண்டும். வாய் குறுகி, வயிறு பருத்து இருக்க வேண்டும். அடைப்பு நிலைக்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள பல்சுவர் அடிப்பக்கம் மெலிந்துபோகிறது. மெலிந்த சுவர் மேலிருந்து வரும் மெல்லும் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கி, மயிரிழையாக வெடித்து, என்றோ ஒரு நாள் இட்டிலிக்கு விழுகிறது. அந்த இட்டிலி கடைசிச் சாட்சி மட்டுமே. இன்று பாதரச அடைப்பின் காலமும் முடிந்துவருகிறது. 2025 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதற்குத் தடை. மருத்துவர் இன்றியமையாதது எனக் கருதும் சில நேர்வுகளுக்கு மட்டுமே விலக்கு.

பல் உடைந்த செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பல் போனால் என்ன, உயிரா போய்விட்டது? பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்." பெங்களூரில் இருக்கும் மகள் சொன்னாள்: "அப்பா, அம்மா, இன்னும் அந்தப் பழைய பல்லையா கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்." நகரில் நாங்கள் முதலில் காட்டிய மருத்துவமனையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வேர்ச் சிகிச்சை செய்து முழு உறை போட வேண்டும் என்று ஒரு தாளில் கணக்கெழுதித் தந்தார்கள். அண்ணன் சொன்னதற்கும் அவர்கள் சொன்னதற்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. பல்லில் பழுதான பகுதியைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். பழுதாகாத பகுதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்கள் இருவரின் தாயாருக்கும் அறுபது வயதுக்குள் பற்கள் போய்விட்டன. வலித்த பல்லைப் பிடுங்குவது ஒன்றே அந்நாளில் சிற்றூர் அறிந்த வைத்தியம். ஒன்று போனதும் பக்கத்துப் பல் சாய்ந்தது, எதிர்ப் பல் நீண்டது, அவையும் ஆடின, அவையும் பிடுங்கப்பட்டன. ஒருவர் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார். மற்றவருக்கு வெற்றிலைபாக்கு இடிக்கக் கைக்கடக்கமான இரும்பு உரல் ஒன்று இருந்தது. மாலை நேரங்களில் திண்ணையில் அந்த உரலின் ஓசை கேட்கும். விருந்துகளில் அவர் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாக, குழைத்த சோறு உண்பார். பார்ப்பவர்கள் அதை அடக்கம் என்று புகழ்ந்தார்கள். மெல்ல முடியாததைப் பிறர் பார்க்கக் கூடாது என்பதே உண்மையான காரணம் என்பது வீட்டாருக்குத் தெரியும். 'ஒரு பல்தானே' என்று யாராவது சொன்னால் எங்கள் காதில் அந்த உரல் ஓசை விழுவது இதனால்தான்.

ஆதலின் இன்னொருவரிடம் காட்டினோம். அவர் ஓர் இளம் வங்காளப் பெண்மணி. எங்களை மாஷிமா என்றும் மேஷோமஷாய் என்றும் முறைவைத்து அழைப்பவர். படித்தது இந்நகரின் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியில். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய ரஃபியுதீன் அகமது 1920-இல் அதைத் தொடங்கினார். செலவுக்குப் பணம் வேண்டி அவர் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற குளிர்பானக் கடை ஒன்றை நடத்தினார் என்பார்கள். இனிப்புப் பானம் விற்ற காசில் பல் மருத்துவம் வளர்ந்தது என்றால், அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1949-இல் கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தார்.

அம்மருத்துவர் முதலில் செய்தது ஒரு சிறு சோதனை. பஞ்சுருண்டை ஒன்றைக் கடுங்குளிர் மருந்தில் நனைத்துப் பல்லின்மேல் வைத்தார். 'ஷிர்ஷிர்' என்றோம். எடுத்ததும் இரண்டொரு நொடியில் கூச்சம் அடங்கிவிட்டது. "உள்ளே உயிர் நன்றாக இருக்கிறது. கூச்சம் நெடுநேரம் நீடித்தாலோ, தானாகவே வலி வந்தாலோ வேரைத் தொட வேண்டியிருக்கும். இப்போது தேவையில்லை" என்றார். ஒளிப்படமும் அதையே காட்டியது. பிறகு கண்ணாடியைப் பிடித்து எங்களுக்கே காட்டினார். நான்கு முகடுகளில் நாக்குப் பக்கத்து முகடு ஒன்று உடைந்திருந்தது, மற்றொன்றில் வெடிப்பு. கன்னப் பக்கத்து முகடுகள் இரண்டும் திடமாக இருந்தன. "பல் பாதி போயிருக்கிறது. பாதி இருக்கிறது. இருப்பதை வைத்துக்கொண்டு போனதை மட்டும் கட்டுவோம்" என்றார். அதற்கு அவர் சொன்ன பெயர் 'ஆன்லே'.

இச்சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. கல்லிழைத்த தோட்டை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டா? பொன்னில் குழி வெட்டி, அக்குழிக்கென்றே பட்டை தீட்டிய கல்லைப் பொருத்துவதை இழைத்தல் என்கிறோம். பல்லில் செய்வதும் அதுவே. முகடுகளுக்கு நடுவேயுள்ள குழியில் மட்டும் பொருந்துவது 'இன்லே', உட்பதிப்பு என்னலாம். பழுதான முகட்டின்மேலும் ஏறி அதை மூடுவது 'ஆன்லே', மேற்பதிப்பு. சாதாரண அடைப்பு வாய்க்குள்ளேயே குழைத்து உருவாக்கப்படுகிறது. பதிப்போ வாய்க்கு வெளியே அளவெடுத்துச் செய்யப்பட்டு, பின்னர் ஒட்டப்படுகிறது. வெண்ணிறப் பிசின் அடைப்பு இறுகும்போது நூற்றில் இரண்டு மூன்று பங்கு சுருங்கும். சிறு குழியில் இது பொருட்டன்று. பெரிய குழியில் அச்சுருக்கம் சுவர்களை இழுக்கும். ஓரத்தில் இடைவெளி விடும். வெளியே செய்த பதிப்பின் சுருக்கமெல்லாம் வெளியிலேயே முடிந்துவிடும். ஒட்டும் பசையின் மெல்லிய படலம் ஒன்றுதான் வாயில் இறுக வேண்டும்.

குழியின் வடிவமும் தலைகீழாக மாறுகிறது. பாதரச அடைப்புக்குக் குடம்போல் கடைந்தார்கள் என்றோம். பதிப்புக்கு டம்ளர்போல், மேலே செல்லச் செல்லச் சற்றே விரிய வேண்டும். இல்லாவிட்டால் வெளியே செய்த துண்டு உள்ளே இறங்காது. குழி சிறிதானால் அடைப்பே போதும். இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதிக்குமேல் குழி அகன்றிருந்தால் முகடுகளின் வலிமையை ஐயுற வேண்டும்; மூன்றில் இரண்டு பங்கு அகன்றுவிட்டால் அவற்றை மூடியே தீர வேண்டும் என்பது பல் மருத்துவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. முழு உறை போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் இழைத்து ஒரு முளைபோல் ஆக்க வேண்டும். ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் பாதிக்குமேல் அதில் போய்விடும். எங்கள் கன்னப் பக்கத்து முகடுகள் அறுபது ஆண்டுகளாக ஒரு குற்றமும் செய்யாதவை. பக்கத்து வீட்டுக்காரன் செய்த பிழைக்கு அவற்றைத் தண்டிப்பானேன்? பற்சிப்பி ஒருமுறை போனால் மீண்டும் வளராது. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு கூடும்; தோல் கூடும்; பற்சிப்பி கூடாது.

இவ்வித்தையின் வரலாற்றில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலை வார்ப்பதை ஊர்ப்பயணம் ஒன்றின்போது நின்று பார்த்திருக்கிறோம். முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் காவிரி வண்டல் பூசிய மண்கூடு. காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். சிகாகோ நகரின் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907-இல் நியூயார்க்கில் மருத்துவர் கூட்டம் ஒன்றில் எடுத்துக்காட்டியதும் இதே முறைதான். பல்லின் குழியில் மெழுகை அழுத்தி உருவெடுத்தார். அதை அச்சுமண்ணில் புதைத்தார். மெழுகை எரித்துவிட்டு, உருகிய பொன்னை அழுத்தத்தால் உள்ளே செலுத்தினார். பதிப்பு மருத்துவம் அதன் பிறகே உலகெங்கும் பரவியது. பொன் குளிரும்போது சுருங்கும் என்பது இடையூறாக இருந்தது. அச்சுமண் அதற்கு ஈடாக விரியும்படி செய்து பின்வந்தவர்கள் அதைச் சரிக்கட்டினர். டாகர்ட் தம் முறைக்குக் காப்புரிமை பெற்று, பயன்படுத்திய மருத்துவர்களிடம் பணம் கேட்டு வழக்காடினார். அயோவா மாநிலத்தில் ஃபில்புரூக் என்ற மருத்துவர் 1897-இலேயே இம்முறையை எழுதிவைத்திருந்தது வெளிப்பட, காப்புரிமை நிலைக்கவில்லை. சோழர் காலத்துச் சிற்பியைச் சாட்சிக்கு அழைத்திருந்தால் வழக்கு இன்னும் விரைவில் முடிந்திருக்கும்.

எங்கள் பல்லுக்குப் பொன்னா, பீங்கானா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. பொன் உடையாது, எதிர்ப் பல்லைத் தேய்க்காது, ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்துப் பல்லோடு இழைய வைக்கலாம். நீண்ட நாள் உழைப்பதில் இன்றும் அதற்கு ஈடில்லை என்று மருத்துவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கழுத்துக்கு வாங்க முடியாத விலையில் இருக்கும் பொருளைக் கடைவாய்க்கு வாங்குவதா? அதுவன்றி, கொட்டாவி விடும்போதெல்லாம் செல்வம் வெளியே தெரிவதும் எங்களுக்கு உகந்ததாகப் படவில்லை. பீங்கானையே தேர்ந்தோம். அதற்கும் எங்கள் ஓய்வூதியத்தில் பெரும் பங்கு போயிற்று. பிடுங்குவதைவிடப் பலமடங்கு செலவு, இம்ப்ளான்ட்டைவிடக் குறைவு.

பீங்கான் பல்லோடு ஒட்டுவதும் ஒரு விந்தையே. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கர், உலோகத்தில் வண்ணப்பூச்சு நன்றாகப் பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசுகிறார்கள் என்பதைக் கண்டு, அதையே பற்சிப்பிக்கும் பூசிப் பார்த்தார். வழவழப்பான பரப்பு நுண்ணிய துளைகள் கொண்டதாகிப் பிசினைக் கவ்விக்கொண்டது. இன்றைய ஒட்டுவேலை அனைத்துக்கும் அது தொடக்கம். 1985-இல் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் மோர்மன், பிராண்டஸ்டினி என்ற இருவர், பல்லைக் கருவியால் படம்பிடித்து, கணிப்பொறி ஏவ, இயந்திரம் பீங்கான் கட்டியிலிருந்து பதிப்பைக் கடைந்தெடுக்கும் முறையை நோயாளிக்குச் செய்து காட்டினர்.

முதல் நாள் வேலை ஒரு மணி நேரம் நடந்தது. மரத்துப்போக ஊசி, பழைய அடைப்பை நீக்கல், வெடித்த முகட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்தல், பேனாவைப் போன்ற ஒரு கருவியால் வாய்க்குள் படமெடுத்தல். பல் நிறத்தைப் பொருத்திப் பார்க்க 16 சாயல் கொண்ட ஒரு சீப்பை வாயருகே பிடித்தார். 'வெள்ளை' என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வண்ணமா என்று வியந்தோம். நாற்பது ஆண்டு டிகிரிக் காப்பியின் பயனாக எங்களுக்கு வாய்த்தது சற்று மஞ்சளோடிய சாயல். கடையும் நிலையில் அப்பீங்கான் நாவற்பழ நிறத்தில் இருக்கும் என்று ஒரு கட்டியை எடுத்துக் காட்டினார். கடைந்தபின் சுமார் 850 டிகிரி வெப்பத்தில் உலையிட்டால்தான் பல்லின் நிறமும் முழு வலிமையும் வருமாம்.

பதிப்பு வர பத்து நாள் ஆகும். இடையில் ஊரில் திருமணம். தற்காலிக மூடி ஒன்றை வைத்து, "ஒட்டும் பண்டம் வேண்டாம், கடிப்பதெல்லாம் மறுபக்கம்" என்று சொல்லி அனுப்பினார். கோரமண்டல் விரைவுவண்டியில் அப்பத்தைப்போல் ஒரு கவலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சென்றோம். பந்தியில் அதிரசமும் தேன்குழலும் இலையில் விழுந்தன. அண்ணன் நேரெதிரே அமர்ந்து ஒவ்வொன்றையும் ஓசையெழக் கடித்தார். அவருக்கு இயற்கைப் பற்கள் பதினொன்றுதான் மீதி. மற்றவை கழற்றி மாட்டுபவை. "நீங்கள் ஏன் தின்னவில்லை?" என்று கேட்டார். "எங்கள் பல் இன்னும் செய்து முடியவில்லை" என்றோம். பந்தியே சிரித்தது. பிறகு அவர் தனியே அழைத்துத் தம் முன்பல் ஒன்றின் அடைப்பைக் காட்டி, "இதற்கும் நீங்கள் சொல்வது ஆகுமா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அது கடைவாய்க்கு உரியது. முன்பல்லுக்கு வேறு வழிகள் உண்டு என்று, எங்களுக்குத் தெரிந்த அளவில் சொன்னோம்.

திரும்பி வந்து ஒட்டிய நாளில் மருத்துவர் முதலில் செய்தது, பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர்த் தாளைக் கட்டியது. எச்சில் ஒரு துளி பட்டாலும் ஒட்டு கெடும். வேலையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த ஈரம் காப்பதில்தான் இருக்கிறதாம். பதிப்பின் உட்புறத்தையும் பல்லையும் தனித்தனி அமிலத்தால் சுரசுரப்பாக்கி, பசை தடவி, இறக்கி, ஓரத்தில் பிதுங்கியதை வழித்து, நீல ஒளியைப் பாய்ச்சி இறுக்கினார். பின்பு வண்ணத் தாளைக் கடிக்கச் சொன்னார். கறை அதிகம் பட்ட இடத்தை இழைத்தார், மீண்டும் கடிக்கச் சொன்னார், மீண்டும் இழைத்தார். ஆறேழு முறை நடந்தது. தலைமுடியளவு உயரம் மிகுந்தாலும் பல் நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் என்றார். வீடு வந்து சேர்வதற்குள் நாக்கு அந்த இடத்தை மறந்துவிட்டது. அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறில்லை.

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சொத்தை ஈறுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தால் ஒட்டுவதற்கு உலர்ந்த இடமும் நல்ல பற்சிப்பியும் கிடைக்கா. சுவர்கள் பெரும்பாலும் போய்விட்ட பல்லுக்கு முழு உறையே காப்பு. உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவருக்குப் பீங்கான் உடையக்கூடும். அவருக்குப் பொன்னோ, இரவில் மாட்டிக்கொள்ளும் கவசமோ தேவை. நல்ல கைக்கு வாய்த்தால் பத்தாண்டு கடந்தும் பெரும்பாலான பதிப்புகள் நிலைக்கின்றன. ஆனால் பதிப்புக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட ஓரத்தில் புதிய சொத்தை புகலாம். பீங்கான் அழுகாது, அதைத் தாங்கும் பல் அழுகும். ஆலும் வேலும் துலக்கிய காலத்தில் பற்களின் இடுக்கை எவரும் கவனித்ததில்லை. நாங்கள் இப்போது இரவில் இருவருமாகக் கண்ணாடி முன் நின்று நூலிழுக்கிறோம்.

ஓராண்டு கழிந்து எடுத்த படத்தில் பதிப்பின் ஓரம் இடைவெளியின்றி இருந்தது. மருத்துவர் மகிழ்ந்தார், ஆனால் கண்ணாடியை உடனே கீழே வைக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக் கடைவாயிலும் அதே சீன முதியவர் அதே காலத்தில் வைத்த அடைப்பு ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறதாம். இன்னும் உடையவில்லை, கூசவில்லை. பூஜை விடுமுறை முடிந்ததும் வரும்படியும், அதுவரை அந்தப் பக்கத்தில் கமர்கட்டு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.